லோகோவை மறைக்க எது வாங்கலாம்? காஃபர் டேப் முதல் மோக்கா புரோ வரை

நடுத்தர வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பதுபோல ஒரு ஷாட் வையுங்கள். கதவில் கெட்சப் பாட்டில், பக்கத்தில் கூல்டிரிங்க்ஸ், மேல்தட்டில் ஆவின் பாக்கெட், நடுத்தட்டில் கடையில் வாங்கிய இட்லி மாவு, ஃபிரிட்ஜின் நெற்றியில் கம்பெனி பெயர். மூன்று விநாடி ஷாட்டில் ஐந்து பிராண்ட் வந்துவிட்டது. சின்னப் படத்துக்கு அனுமதி கேட்டு ஐந்து கம்பெனிக்கும் கடிதம் எழுதினால், பதில் வருவதற்குள் படப்பிடிப்பு முடிந்து எடிட்டும் முடிந்துவிடும். ஆகவே மிஞ்சுவது இரண்டு வழி. அப்படியே விடலாம், இல்லை மறைக்கலாம்.

மறைப்பதற்கு என்னென்ன கிடைக்கிறது, எது காசுக்குத் தகுந்தது என்பதுதான் இந்த விமர்சனம். தீர்ப்பை முன்னாடியே சொல்லிவிடுகிறோம். காஃபர் டேப் என்கிற துணி டேப், பக்கத்துத் தெரு டிஜிட்டல் பிரிண்ட் கடை, டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங், நிறத்திருத்த மென்பொருளின் இலவசப் பதிப்பு, இந்த மூன்றும் இருந்தால் சுயாதீனப் படத்தின் தேவையில் முக்கால்வாசி தீர்ந்தது. ஷாட்டில் நகரும் பொருளைப் பின்தொடர்ந்து அழிக்க உதவும் மோக்கா புரோ அருமையான மென்பொருள்தான். ஆனால் அதை வாங்க வேண்டிய நிலை வந்தால், பெரும்பாலும் ஆர்ட் டிபார்ட்மென்ட் செட்டில் பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலையை யாரோ தவறவிட்டிருக்கிறார்கள்.

எதை மறைப்பது?

திரையில் பெயர் தெரிந்தாலே வழக்கு வரும் என்று ஒரு பயம் இருக்கிறது. சட்டம் அவ்வளவு முரடு இல்லை. வணிகக் குறிகள் சட்டம், 1999-இன் 29-ஆவது பிரிவு முக்கியமாகப் பிடிப்பது, வியாபாரத்தில் ஒருவர் அடுத்தவர் குறியைத் தன் சரக்குக்கு ஒட்டிக்கொள்வதைத்தான். கதாநாயகன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்பதால் தயாரிப்பாளர் பிஸ்கட் வியாபாரி ஆகிவிட மாட்டார். ஆனால் அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, பேர்பெற்ற குறியின் மதிப்பைக் கெடுப்பதைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. 9-ஆவது உட்பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. குறியில் சொற்கள் இருந்தால், அதை வாயால் சொல்வதும் மீறலாகலாம் என்கிறது அது. லேபிளை மறைத்துவிட்டு வசனத்தில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினால் மறைத்ததற்குப் பலன் இல்லை.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் வெளியான ஜெயிலர் படத்தில், கூலிக்குக் கொலை செய்யும் ஒரு பாத்திரம் ஆர்சிபி அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசுவான். அணி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜெர்சியின் நிறங்களையும் அதிலிருந்த விளம்பரப் பெயர்களையும் டிஜிட்டலாக மாற்றிக்கொள்கிறோம் என்று தயாரிப்புத் தரப்பு ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 1-க்குப் பிறகு பழைய வடிவத்தைத் தியேட்டரில் ஓட்டக் கூடாது, டிவியிலும் ஓடிடியிலும் மாற்றிய வடிவம்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜெர்சி தெரிந்ததோடு நின்றிருந்தால் விவகாரம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதைப் போட்டிருந்தவன் என்ன பேசினான் என்பதுதான் சிக்கல். பெரிய நிறுவனத்துக்கு இரண்டு வாரத்தில் சிஜி செய்து எல்லாத் தியேட்டருக்கும் புதுப் பிரதி அனுப்பக் கையில் காசு இருக்கும். சின்னப் படத்துக்கு ஏது?

ஸ்லம்டாக் மில்லியனரில் மெர்சிடிஸ் காரை ரவுடி ஓட்டுவதில் அந்த நிறுவனத்துக்கு வருத்தமில்லை, குடிசைப் பகுதியில் தங்கள் பெயர் தெரிவதைத்தான் ஆட்சேபித்தது என்றும், லோகோவை டிஜிட்டலாக அழிக்கப் பல்லாயிரம் பவுண்டு போனது என்றும் இயக்குநர் டேனி பாயல் சொன்னார். 2006-இல் அமெரிக்காவின் என்பிசி தொடர் ஒன்றில், சமையலறைக் கழிவை அரைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பெண் கையை விடுவதாகக் காட்சி. இயந்திரத்தில் பெயர் தெரிந்தது, தயாரித்த எமர்சன் நிறுவனம் வழக்குப் போட்டது. இன்னொரு பக்கம், ஹேங்ஓவர் படத்தின் இரண்டாம் பாகத்தில் வந்த போலிப் பையைக் காட்டி லூயி வுட்டான் தொடுத்த வழக்கை 2012-இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நம் ஊரில் தைரியமாக இருந்துவிட வேண்டாம், அது வேறு நாட்டுச் சட்டம்.

இதிலிருந்து செட்டில் பயன்படக்கூடிய ஒரு வழிமுறை கிடைக்கிறது. பொருள் அதற்கான வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பாருங்கள். போனில் பேசுகிறார்கள், ஸ்கூட்டரில் போகிறார்கள், சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள் என்றால் கவலை குறைவு. குக்கர் வெடிக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை, சாப்பிட்டவன் வாந்தி எடுக்கிறான், மாத்திரை போட்டவள் சாகிறாள், கத்தியால் குத்துகிறான் என்றால் அந்தப் பொருளின் பெயர் ஒரு ஃபிரேமில்கூடத் தெரியக் கூடாது.

புகையிலைக்கு இந்தக் கணக்கே கிடையாது. 2012 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள விதிகளின்படி சிகரெட், பீடி, குட்கா பெயர் எதுவும் திரையில் தெரியக் கூடாது. தெரிந்தால் மங்கலாக்கியே ஆக வேண்டும். புகைக்கும் காட்சி இருந்தால் ஆரம்பத்திலும் நடுவிலும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி அறிவிப்பு, காட்சியின் அடியில் எச்சரிக்கை வரி என்று தனிப் பட்டியலே உண்டு. 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடிக்கும் இது வந்துவிட்டது. மது பாட்டிலின் பெயரை மங்கலாக்கச் சொல்வதும் தணிக்கையில் வழக்கமாக வருகிற வரிதான். ஆகவே டாஸ்மாக் காட்சி இருந்தால் லேபிள் வேலை நிச்சயம் என்று பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

போஸ்டர், ஓவியம், காலண்டர் படம் இவையெல்லாம் பதிப்புரிமைச் சங்கதி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(u) பிரிவு, கலைப்படைப்பு ஒன்று பின்னணியாகவோ தற்செயலாகவோ படத்தில் வந்தால் அது மீறல் ஆகாது என்கிறது. பின்னணி என்ற சொல்லை மட்டும் இழுத்து நீட்டக் கூடாது. பாத்திரம் அந்த ஓவியத்தைப் பார்த்து நான்கு வரி வசனம் பேசினால் அது பின்னணி இல்லை.

இவ்வளவுக்கும் பிறகும் மறைப்பது எதற்கு என்றால், நிஜத்தில் லோகோவைப் பார்த்து முதலில் முகம் சுளிப்பவர் படத்தை வாங்க வருகிறவர். ஓடிடி ஒப்பந்தங்களில், குறிப்பாக வெளிநாட்டு விற்பனையில், பிழை மற்றும் விடுபடல் காப்பீடு கேட்பார்கள், அதாவது படத்தில் யாருடைய உரிமையையாவது மீறியதாக வழக்கு வந்தால் செலவை ஏற்கும் காப்பீடு. ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம் டாலர் என்பது அமெரிக்க வாங்குநர்கள் பரவலாகக் கேட்கும் அளவு. காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது, எந்தெந்தப் பெயர் எங்கெங்கே தெரிகிறது என்ற பட்டியலைத்தான்.

காஃபர் டேப்

செட்டில் ‘டேப் குடு’ என்றால் கைக்கு எது வருகிறதோ அதை ஒட்டிவிடுகிறார்கள். நான்கு டேப்பும் ஒன்றல்ல. காஃபர் டேப் துணியால் ஆனது, மேட்டாக இருக்கும், கையாலேயே கிழிக்கலாம், பசை தங்காமல் உரிந்து வரும். 2 அங்குல அகலத்தில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று வாங்குங்கள். பார்வைக்கு அதேபோல இருக்கிற டக்ட் டேப் வெளிச்சத்தில் மினுங்கும், உரித்தால் பசை பிசுபிசுவென்று தங்கும். வாடகைக்கு எடுத்த காரில் அதை ஒட்டி, பெயின்ட்டோடு உரித்து, முன்பணத்தை இழப்பதெல்லாம் அடிக்கடி நடக்கிறது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப் பிவிசி. லைட் பட்டால் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும், சித்திரை வெயிலில் ஓரம் சுருங்கிப் பசை வெளியே வழியும். பேப்பர் டேப் பரவாயில்லை. மேலே போஸ்டர் கலர் அடித்துப் பொருளின் நிறத்துக்குக் கொண்டுவரலாம். அன்றைக்கே உரித்துவிட வேண்டும், வெயிலில் நாலு நாள் இருந்தால் பசை இறுகிவிடும்.

எந்த டேப் ஆனாலும், லோகோ அளவுக்குச் சதுரமாக வெட்டி ஒட்டாதீர்கள். வெள்ளை ஃபிரிட்ஜில் ஒரு கறுப்புச் சதுரம், ‘இங்கே ஏதோ மறைத்திருக்கிறோம்’ என்று அறிவிப்புப் பலகை மாட்டியதற்குச் சமம். ஃபிரிட்ஜின் நெற்றிப் பட்டையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறத்தில் மூடுங்கள். அல்லது காந்த ஸ்டிக்கர், கரன்ட் பில், குழந்தை வரைந்த படம் என்று அந்த வீட்டில் இயல்பாக இருக்கக்கூடிய ஏதாவதை அங்கே வையுங்கள். லேப்டாப் மூடிக்கும் அதே வைத்தியம்தான். ஒற்றை ஸ்டிக்கர் சந்தேகத்தைக் கிளப்பும், நாலைந்து ஸ்டிக்கர் கல்லூரிப் பையன் லேப்டாப் ஆகிவிடும். பழைய மேக்புக்கில் பின்பக்க லோகோ ஒளிரும். அதற்கு ஒரு அடுக்கு போதாது, அடியில் கறுப்பு டேப் ஒட்டி மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

மிட் ஷாட்டுக்குப் பெயரை முழுக்க மூடத் தேவையில்லை. 2, 3 மில்லிமீட்டர் கீற்றாக டேப்பை நறுக்கி இரண்டு எழுத்தை உடைத்தால் போதும், கண் அதைப் படிக்காமல் கடந்துவிடும். ஒட்டிய பிறகு, ஷாட்டுக்குப் போடுகிற அதே லென்ஸில் ஒரு ஸ்டில் எடுத்து மானிட்டரில் 200 சதவீதம் பெருக்கிப் பாருங்கள். 4கே டிவியில் நிறுத்திப் பார்க்கிறவர் இருக்கிறார்.

மதிப்பெண்: 10-க்கு 9. ஒன்று குறைத்தது, கையில் பொருள் திரும்பித் திரும்பி வரும் க்ளோசப்புக்கு இது உதவாது என்பதால்.

பிரிண்ட் கடையும் போலி லேபிளும்

க்ளோசப்புக்கு வேறு வழியே இல்லை, சொந்த லேபிள்தான். நம் ஊரில் இது மலிவு. திருமண ஸ்டிக்கர் அடித்துத் தரும் எந்த டிஜிட்டல் பிரிண்ட் கடையிலும் முடியும்.

முதலில் பழைய லேபிளைக் கழற்ற வேண்டும். பெட் பாட்டிலில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் லேபிளுக்கு மூட்டில் மட்டும்தான் பசை இருக்கும். பிளேடால் மூட்டை ஒட்டிக் கீறினால் முழுசாக வந்துவிடும். அதைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் அளவு. கண்ணாடிப் பாட்டிலின் காகித லேபிளுக்கு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊறல். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் புது ஸ்டிக்கர் நிற்காது. சில சோடா, கூல்டிரிங்க்ஸ் கண்ணாடிப் பாட்டில்களில் பெயர் கண்ணாடியிலேயே புடைத்திருக்கும் அல்லது சுட்டு அச்சிட்டிருக்கும், அதை உரிக்க முடியாது. பாட்டிலின் உருவமே வணிகக் குறியாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. கோகோ கோலாவின் இடுப்பு வளைந்த பாட்டிலைப் பெயரில்லாமல் வைத்தாலும் குழந்தை அடையாளம் சொல்லிவிடும். அந்த இடத்தில் பாட்டிலையே மாற்றுங்கள்.

பழைய லேபிள் கிடைக்கவில்லை என்றால் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அளவெடுங்கள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலுக்குச் சுற்றளவு 204. மேலே படிய 10 சேர்த்தால் 214. ஏ4 தாளின் அகலம் 210 என்பதால் குறுக்கே போட்டால் 4 மில்லிமீட்டர் பற்றாது, இந்த இடத்தில்தான் பலருக்கு முதல் பிரிண்ட் வீணாகிறது. 60 மில்லிமீட்டர் உயர லேபிளுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு மிச்சம் விட்டால், 12-க்கு 18 அங்குலத் தாளில் 8 லேபிள் வரும். 300 டிபிஐ தெளிவு, அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறை. தாள் ஸ்டிக்கர் வேண்டாம், வினைல் கேளுங்கள். லேமினேஷன் மேட். பளபளப்பு லேமினேஷன் போட்டால் லைட் கோடு விழுந்து, கஷ்டப்பட்டு வடிவமைத்ததே தெரியாது.

வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் ஜில் பாட்டில் வியர்க்கும்போது மை கரையும். கடை லேசர் அச்சில் அது இல்லை. பாட்டில் காய்ந்திருக்கும்போது ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து ஒட்டினால் ஸ்டிக்கர் நழுவும். வியர்வைத் துளி வேண்டுமென்றால் கிளிசரினும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்துக்கொள்ளலாம், லைட் சூட்டிலும் துளி நிற்கும். குடித்துக் காலியாகும் காட்சி என்றால் டேக் கணக்குப் பார்த்து அதே லேபிளோடு நிறைய பாட்டில் வேண்டும். லேபிளின் மூட்டு எப்போதும் காமிராவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கன்டினியூட்டியில் மூட்டு ஒரு ஷாட்டில் இடதும் அடுத்ததில் வலதும் ஓடும்.

இதில் பெரிய பொறி, நிஜப் பெயரைப் போலவே ஒரு எழுத்தை மாற்றி வைப்பது. சிரிப்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதே சிவப்பு, அதே எழுத்து வளைவு, ஒரே ஒரு எழுத்து வித்தியாசம் என்றால், நிஜ லேபிளைக் காட்டியதைவிட வம்பு அதிகம். சட்டம் பிடிப்பதே இப்படி ஏமாற்றும் ஒற்றுமையைத்தான். நிறம், வடிவம், ஓசை மூன்றும் விலகியிருக்கட்டும். பெயர் வைத்ததும் வணிகக் குறிப் பதிவேட்டின் இணையத் தேடலில் பாருங்கள். சொல் தேடல், ஒலித் தேடல் இரண்டும் இருக்கிறது. வகுப்பு எண் தெரிந்தால் வேலை சுலபம்: பிஸ்கட், டீ, காபிக்கு 30, கூல்டிரிங்க்ஸ், பீருக்கு 32, மற்ற மதுவுக்கு 33, புகையிலைக்கு 34, மருந்துக்கு 5, போனுக்கு 9, வண்டிக்கு 12, உடைக்கு 25. மருந்துக்கு மட்டும் ஒலித் தேடலைக் கட்டாயம் செய்யுங்கள், மருந்துப் பெயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும்.

பின்பக்கச் சின்ன எழுத்தை யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் தலைவலி ஒளிந்திருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம். வாய்க்கு வந்த 14 இலக்கத்தைப் போட்டால் அது எங்கோ ஒரு முறுக்குக் கம்பெனியின் எண்ணாக இருக்கலாம். பூஜ்யங்களாகப் போடுங்கள். பார்கோடை நிஜ பாக்கெட்டிலிருந்து நகலெடுக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண் என்று பத்து இலக்க மொபைல் எண் போட்டால் எதிர்முனையில் ஒரு மனிதர் இருப்பார். 2024 தீபாவளிக்கு வந்த அமரன் படத்தில் ஒரு தாளில் தெரிந்த எண் சென்னை மாணவர் ஒருவருடையதாகப் போய், அவருக்கு ஓயாமல் அழைப்பு வந்து, கடைசியில் அந்த எண்ணை மறைக்க வேண்டியிருந்தது. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும். வேறு இலக்கத்தில் தொடங்குங்கள், அல்லது தயாரிப்பு அலுவலகத்துக்கென்று ஒரு சிம் வாங்கி அந்த எண்ணையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

மதிப்பெண்: 10-க்கு 9. நேரம் கிடைத்தால் 10.

காருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். முன்பக்கச் சின்னத்தின் மேல் ஒரு சாமந்தி மாலையைத் தொங்கவிட்டால் தமிழ்நாட்டில் யாருக்கும் கேள்வி எழாது. பின்பக்க எழுத்துக்குக் காரின் நிறத்திலேயே வினைல், ஸ்டீயரிங் நடுவில் சாமி ஸ்டிக்கர்.

போன் திரையும் பலர் மறக்கும் இடம். வாட்ஸ்அப் போலவே ஒரு அரட்டைத் திரை வேண்டுமென்றால், வேறு நிறத்தில் உங்களுக்கென்று ஒன்றை 1080-க்கு 2400 அளவில் வடிவமைத்து, வீடியோவாக மாற்றி, போனிலேயே முழுத்திரையில் ஓடவிட்டுப் படமெடுங்கள். பிறகு கிரீன் ஸ்கிரீனில் ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், விரலின் பிரதிபலிப்பும் முகத்தில் விழும் வெளிச்சமும் நிஜமாக இருக்கும். திரையில் கோடு ஓடினால் ஷட்டரை 1/50-இலிருந்து 1/60-க்கு மாற்றிப் பாருங்கள். ஓஎல்இடி போனில் வெளிச்சத்தை ரொம்பக் குறைத்தால் துடிப்பு தெரியும். திரையைக் கூட்டி, தேவையென்றால் லென்ஸுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள்.

ரிசால்வ்: எடுத்த பிறகு கண்ணில் பட்டால்

டேப்பும் லேபிளும் தப்பவிட்டதைப் பிடிக்க டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். அல்ட்ரா ஹெச்டி வரை வெளியீடு தருகிறது, கலர் பேஜில் உள்ள பவர் விண்டோவும் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் வரைந்து பிரிப்பது) டிராக்கரும் (அந்தப் பகுதியை ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்வது) முழுசாக வேலை செய்யும்.

செய்முறை: கிரேடிங் (நிறத்திருத்த) நோடுகளுக்கு முன்னால் ஒரு சீரியல் நோடு, அதாவது வரிசையில் ஒரு தனிப் படி. கர்வ் விண்டோவால் லோகோவைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வரையுங்கள், ஓரத்துக்குச் சாஃப்ட்னெஸ். லோகோ மிகப் பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும் ஃபிரேமில் வரைந்து, அங்கிருந்து முன்னும் பின்னுமாக டிராக் செய்யுங்கள். ஷாட்டின் முதல் ஃபிரேமில் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பொருள் திரும்பாவிட்டால் பெர்ஸ்பெக்டிவ் டிக்கை எடுத்துவிடுங்கள், போனில் எடுத்த 8 பிட் கிளிப்பில் அது நடுங்கும். பிறகு பிளர். எழுத்து கலையும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் போனால் செய்தி சேனல் குற்றவாளி முகம் மாதிரி ஆகிவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். கை லோகோவைக் கடக்கும்போது டிராக்கர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். டிராக்கரில் கிளிப் முறையிலிருந்து ஃபிரேம் முறைக்கு மாறி, கை நுழையும் முன்னும் விலகிய பின்னும் கீஃபிரேம் (விண்டோவின் இடத்தைப் பதியும் புள்ளி) வைத்து நடுவில் கையாலேயே நகர்த்த வேண்டும். பிளர் கையின் மேலும் படியும் என்பதால் கைக்குத் தனி விண்டோ வரைந்து கழிக்க வேண்டும். அடுத்தது நாய்ஸ். ராத்திரி ஷாட், ஐஎஸ்ஓ 3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்க, மங்கலாக்கிய இடம் மட்டும் மொழுமொழுவென்று பிளாஸ்டிக்காகத் தெரியும். முழு ஷாட்டின் மேலும் மெல்லிய கிரெயின் (பொரி) கிளிப்பை ஓவர்லேயாகப் போட்டால் ஓரளவு சேரும். மூன்றாவது, காமிரா பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும் பேன். அங்கே லோகோ தானாகவே கலைந்துதான் இருக்கும், தொடாதீர்கள்.

295 டாலர் ஸ்டூடியோ பதிப்பில் பேட்ச் ரீப்ளேசரும் ஆப்ஜெக்ட் ரிமூவலும் இருக்கிறது. ஒரே நிற டி-ஷர்ட், சுவர், கதவு இவற்றுக்குப் பேட்ச் ரீப்ளேசர் அற்புதம். பக்கத்துத் துணியை எடுத்து லோகோ மேல் படியவைத்து, நிறத்தையும் சேர்த்துக்கொள்ளும். கட்டம் போட்ட சட்டையில் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உடைந்து தெரியும். ஆப்ஜெக்ட் ரிமூவலை இந்த வேலைக்கு நம்பி வாங்க வேண்டாம். நகரும் பொருளை நீக்கத்தான் அது, சட்டையோடே நகரும் எழுத்தை நீக்க அல்ல.

மதிப்பெண்: இலவசப் பதிப்புக்கு 8, ஸ்டூடியோவுக்கு இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என்றால் 6.

மோக்கா புரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஏற்கெனவே சந்தாவில் இருந்தால், அதோடு வரும் மோக்கா ஏஇ டிராக்கருக்குப் போதும். நீக்கும் பகுதி அதில் கிடையாது. அதற்குப் பதில் கன்டென்ட் அவேர் ஃபில்லில் ‘சர்ஃபேஸ்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆப்ஜெக்ட்’ வகையில் விட்டால் எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடித் தேடி அழுக்குத் திட்டு போடும். ஃபோட்டோஷாப்பில் ஒரே ஒரு ஃபிரேமைச் சுத்தம் செய்து மாதிரி ஃபிரேமாகக் கொடுத்தால் முடிவு பலமடங்கு தேறும். அது ஃபிரேம் ஃபிரேமாகப் படங்களை எழுதித் தள்ளுவதால் ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோக்கா புரோவின் ரிமூவ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது மற்ற ஃபிரேம்களில் தெரியும் பின்னணியை எடுத்துத்தான் ஓட்டையை நிரப்பும். டி-ஷர்ட்டில் அச்சான லோகோவுக்கு அடியிலிருக்கும் துணி எந்த ஃபிரேமிலும் தெரியப்போவதில்லை. அதனால் லோகோ இல்லாத சுத்தமான ஒரு பிளேட்டை (பின்னணிப் படத்தை) நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். செட்டில், ஷாட் முடிந்ததும் காமிராவை அசைக்காமல் பொருளை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து விநாடி ஓடவிட்டிருந்தால், மேஜைப் பொருட்களுக்கு இந்த வேலை இல்லை. கையில் சுழலும் பாட்டில், சுருங்கி விரியும் துணி இவற்றில் சாதாரணத் தள டிராக்கர் தோற்கும். அங்கே மோக்கா புரோவில் வளையும் பரப்பைப் பின்தொடரும் பவர்மெஷ் உண்மையிலேயே காசுக்குத் தகும். அந்த மாதிரி ஷாட் படத்தில் மொத்தமே இரண்டோ மூன்றோ என்றால், வாங்காமல் ஷாட் கணக்கில் வெளியே கொடுத்துச் செய்வது மலிவு. கொடுக்கும்போது கலர் கிரேடிங் ஆகாத மூலத்தையும், முன்னும் பின்னும் 8 ஃபிரேம் கூடுதலாகவும் கொடுங்கள். கிரேடிங் முடித்ததில் திருத்தி வாங்கினால் டிஐயில் (இறுதி நிறத்திருத்தத்தில்) நிறத்தை மாற்றும்போது ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும்.

மதிப்பெண்: மோக்கா புரோவுக்கு 9, ஆனால் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டோம்.

காசில்லாத கருவி ஒன்று மிச்சம் இருக்கிறது, எக்ஸெல் தாள். ரீல், டைம்கோடு, பொருள், தெரியும் பெயர், எவ்வளவு நேரம், யார் கையில், காட்சியில் அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது, என்ன செய்தோம், ஸ்டில்லின் கோப்புப் பெயர். எடிட் பூட்டியதும் உதவி இயக்குநர் ஒருவர் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை, படத்தைப் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேட்டு ஒரு முறை ஓட்டி இதை நிரப்ப வேண்டும். சத்தத்தோடு பார்த்தால் கதைக்குள் போய்விடுவார், பின்னால் சுவரில் இருப்பது கண்ணில் படாது. வசனம் கேட்கும் சுற்றில் ரிங்டோன், டீக்கடை ரேடியோ, பக்கத்து வீட்டு டிவி விளம்பரம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.